கை மாறும் கேமராக்கள்

முற்றிலும் இயந்திரத்தால் இயங்கும் கேமராவுக்கு ஓய்வு ஆகாது. அப்பாவோ தாத்தாவோ ஆசையாக வாங்கியதைப் பத்திரப்படுத்துகிறோம் என்று எண்ணித்தான் குடும்பங்கள் அதைத் தோலுறையில் போட்டுப் பீரோவின் மேல்தட்டில் வைக்கின்றன. அது கெடத் தொடங்குவது அங்கேதான். ஷட்டரின் பல்சக்கரங்களில் இட்ட மசகு வருடங்கள் போகப்போகக் கெட்டிப்படும். ஒரு விநாடிக்கு வைத்து அழுத்தினால் திரை பாதி வழியில் நின்றுவிடும். வெளிச்சம் புகாமலிருக்கப் பின்கதவின் விளிம்பில் ஒட்டிய ஃபோம் கரைந்து கறுப்புப் பிசினாகும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் லென்ஸின் கண்ணாடிகளுக்கிடையே பூஞ்சை நூல்நூலாகப் படரும். காற்றோட்டமில்லாத தோலுறையே அதற்கு வேண்டிய ஈரத்தைத் தேக்கி வைக்கும். பல ஆண்டுகள் கைபடாத கேமராவை எடுத்துப் பார்த்தால் மேலே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே எதுவும் அசையாது.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள் கிராமத்தில். பழைய கேமராக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பராமரிப்பு விதி எனக்குத் தெரியாது. அவ்வப்போது எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்க வேண்டும். லென்ஸைக் காற்றும் வெளிச்சமும் படும்படி வெளியே எடுக்க வேண்டும். ஃபோகஸ் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்ப வேண்டும். நாலைந்து கேமரா வைத்திருப்பவரால் இது முடியும். ஆசை பெருகி அலமாரி நிறைந்துவிட்டால் முடியாது. ஆகவே பழைய ஃபிலிம் கேமராக்கள்மேல் பிரியம் கொண்டவர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்குவதைத் தாராள மனம் என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கருவிகள் பிழைத்திருக்கும் வழியே அதுதான். ஒரு கேமரா எத்தனை காலம் கை மாறிக்கொண்டிருக்கிறதோ, அத்தனை காலம் அது கேமராவாக இருக்கும்.

சென்னையில் நாங்கள் சிலர் இப்படிக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். சங்கம், சந்தா, பதிவேடு எதுவும் கிடையாது. ஒருவரிடம் யாஷிகா மேட் இருக்கும், இன்னொருவரிடம் பென்டக்ஸ் கே1000. கையிலிருக்கும் ரோல்களை எடுத்து முடிக்கும்வரை மாற்றிக்கொள்வார்கள். வாடகை இல்லை. திருப்பித் தரும்போது, கழுவிய நெகட்டிவைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது மட்டும் எழுதாத விதி. ஏனென்றால் கேமராவின் உடல்நிலையை நெகட்டிவ்தான் சொல்லும். படத்தின் ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளிறியும் இருந்தால், ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடவில்லை. படத்தின் எல்லை தாண்டி ஓரத்துத் துளைகள் வரை கறுப்புப் படர்ந்திருந்தால், பின்கதவில் வெளிச்சம் கசிகிறது. படத்துக்குப் படம் இடைவெளி மாறினால், ஃபிலிமை நகர்த்தும் பகுதி தேய்ந்திருக்கிறது. சொந்தக்காரர் பழக்கத்தில் கவனிக்காமல் விட்டதைப் புதிதாக எடுத்தவரின் ரோல் காட்டிக்கொடுத்துவிடும். இரவல் வாங்கியவர் பரிசோதனையும் செய்துகொடுத்தவராகிறார்.

கேமராவோடு சில சொற்களும் கை மாறும். கூடவந்த கையேடுகள் எப்போதோ தொலைந்துவிட்டன. அந்த அறிவு இப்போது வாய்மொழியாகத்தான் நடமாடுகிறது. சோவியத் நாட்டு ஜோர்க்கி, ஃபெட் கேமராக்களை எடுப்பவர் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் குமிழைத் திருகினால் உள்ளமைப்பு சேதமாகலாம். பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் கல்லூரி மாணவர் ஒருவருக்குத் தன் ஜோர்க்கியைக் கொடுத்தபோது சொன்னதை அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். “தம்பி, மொதல்ல சுத்து. அப்பறம் வேகத்த மாத்து. வாய்ல சொல்லிக்கிட்டே செய், கை தானா பழகிடும்.” அந்த மாணவர், “சரிங்க சார், சுத்திட்டுத்தான் மாத்துவேன்” என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் பெரியவர் வாரைக் கையிலிருந்து விட்டார்.

இப்படி எத்தனையோ. துணித்திரை கொண்ட ரேஞ்ச்ஃபைண்டரை மூடி போடாமல் வெயிலைப் பார்த்து வைக்கக் கூடாது, லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். 1960களின் பல கேமராக்களில் லைட் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அந்த பேட்டரியின் தயாரிப்பு நின்றுபோனது. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட் தரும், வேலை நடக்கும். மீட்டரே செத்துவிட்டதா? நல்ல வெயிலில் அப்பர்ச்சரை 16இல் வைத்து, ஃபிலிமின் வேக எண் எதுவோ அதற்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தை வைத்தால் போதும். 100 ஐஎஸ்ஓ ரோலுக்கு 125இல் ஒரு பங்கு விநாடி. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் ஏறத்தாழ வருடம் முழுக்க இது கைகொடுக்கும். இவற்றில் எதையும் காசு கொடுத்து யாரும் வாங்கவில்லை. கேமராவைக் கொடுத்தவர் இதையும் சேர்த்துக் கொடுத்தார், வாங்கியவர் அடுத்தவருக்குச் சொல்வார்.

கை மாறுவது இந்தக் கருவிகளின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைகா 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமானது. அது ஓடியது சினிமாவிடம் இரவல் வாங்கிய 35 மி.மீ. ஃபிலிமில். உலகத்தின் நினைவில் பாதியைப் பதிந்த அந்த 24க்கு 36 மி.மீ. சட்டமே ஓர் இரவலில் பிறந்தது. உக்ரைனின் கார்கிவ் நகரில், ஆதரவற்ற சிறார்களுக்காகக் கல்வியாளர் அன்டன் மகரென்கோ தலைமையேற்று நடத்திய கம்யூனின் தொழிற்கூடத்தில் 1934இல் லைகாவைப் பார்த்து ஃபெட் கேமராவை உருவாக்கினார்கள். வீடில்லாமல் வளர்ந்த பிள்ளைகளின் கைகள் அவ்வளவு நுட்பமான கருவியைச் செய்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் சைஸ் ஐகான் நிறுவனத்தின் கான்டாக்ஸ் கேமராவுக்கான தொழில்நுட்பமும் கருவிகளும் போர் இழப்பீடாக சோவியத் யூனியனுக்குச் சென்றன. கீவ் நகரின் ஆர்செனல் ஆலை அதே கேமராவைக் கீவ் என்ற பெயரில் 1980கள் வரை செய்துகொண்டிருந்தது. எல்லாக் கைமாற்றமும் அன்பினால் நடந்ததல்ல. பகையிலும் போரிலும் கை மாறிய கருவியை இன்று முன்பின் அறியாத இருவர் நம்பிக்கையில் மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, அந்த எளிய செயலின்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

அந்த மாற்றம் சாத்தியமாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அளவுகள் ஒத்துப்போயின. கோடாக் 1934இல் கொண்டுவந்த 35 மி.மீ. உலோகக் குப்பி, முன்கூட்டியே ஃபிலிம் ஏற்றியது. இன்று கடையில் வாங்கும் ரோலும் அதே அளவுதான். 120 ரோல் இன்னும் பழையது. 1901இல் கோடாக்கின் இரண்டாம் எண் பிரௌனி பெட்டிக் கேமராவுக்காக வந்தது. அந்தப் பிரௌனியின் முதுகிலுள்ள சிவப்பு ஜன்னல் வழியே இன்றைய ரோலின் காகிதத்தில் அச்சிட்ட எண்ணை இப்போதும் படிக்கலாம். லென்ஸிலும் இதே கதை. 42 மி.மீ. விட்டமுள்ள திருகு மரையோடு டிரெஸ்டன் நகரில் 1949இல் கான்டாக்ஸ் எஸ் வந்தது. பின்னர் ஜப்பானின் பென்டக்ஸ் அதை ஏற்றது, சோவியத் ஜெனிட்டும் ஏற்றது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னோகோர்ஸ்கில் செய்த ஹீலியோஸ் லென்ஸ், டோக்கியோவில் வடிவமைத்த பென்டக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் அடாப்டர் எதுவும் இல்லாமல் திருகி உட்கார்ந்தது. அரசுகள் பேசிக்கொள்ளாதபோதும் மரைகள் பொருந்தின. ஒருவரிடம் உடல், ஒருவரிடம் லென்ஸ், ஒருவரிடம் ரோல் என்று மூன்று பேர் கூடி ஒரு படம் எடுக்க முடிகிறதென்றால், தன் கண்டுபிடிப்பைப் பிறர் சாதனத்தோடு பொருந்தும்படி வைத்த அந்தப் பொறியாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நம் ஊருக்கு இரவல் கேமரா புதிய பொழுதுபோக்கு இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த காலத்தில் ஒரு தெருவில் ஒரு வீட்டில் கேமரா இருந்தாலே பெரிது. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்தவர் கொண்டுவந்திருப்பார், அல்லது பர்மா பஜாரில் வாங்கியதாக இருக்கும். உள்நாட்டில் செய்த ஆக்ஃபா கிளிக் த்ரீ கொஞ்சம் எளிதாகக் கிடைத்தது. பள்ளிச் சுற்றுலாவுக்கும் காதுகுத்துக்கும் அந்தக் கேமராக்கள் வீடு வீடாகப் போயின. கேமரா இரவல், ரோல் மட்டும் சொந்தக் காசு. கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த ரோலில் ஒரு படம் உண்டு என்பது ஊரறிந்த மரியாதை. அந்த ரோல்களில் பல உதகமண்டலத்தில் பிறந்தவை. 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967 முதல் அங்கே உற்பத்தியில் இறங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும், மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் நீலகிரியின் தூசி குறைந்த குளிர்காற்றில் தயாராயின. கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கும், பிறகு டிஜிட்டலுக்கும் உலகம் மாறியபோது அந்த ஆலை தாக்குப்பிடிக்கவில்லை, மூடிவிட்டார்கள். காலாவதியான இந்து ரோல் ஒன்று எங்காவது கிடைத்தால் ஆர்வலர்கள் அதைக் கொண்டாடுவதற்கு ஏக்கம் மட்டும் காரணமில்லை. நம் பெற்றோரின் முகங்களை ஏந்திய பொருளை நம் மலையிலேயே செய்தோம் என்ற பெருமிதமும் சேர்ந்துகொள்கிறது. காலாவதி ரோலுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டிக் கொடு என்பது அப்படிக் கை மாறும்போது கூடவே வரும் சொல்.

இவ்வளவும் யோசித்துக்கொண்டு வரும்போது ஒன்று பிடிபடுகிறது. ஃபிலிம் கேமராவை நாம் இரவல் தர முடிவதற்கு அடிப்படைக் காரணம், அதற்கு நினைவு கிடையாது. ரோலை எடுத்துவிட்டால் கேமரா வெறும் இருட்டுப் பெட்டி. நான் யாரைப் படம் எடுத்தேன், எங்கே போனேன், எதைப் பார்த்து நின்றேன் என்பதில் ஒரு துளியும் அதில் தங்காது. படம் என்னிடம், கருவி உங்களிடம். கைப்பேசியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதில் என் படங்கள், என் கடிதங்கள், என் பணம், நான் நடந்த வழி எல்லாம் இருக்கின்றன. அதை இரண்டு நிமிடம் வேறொருவர் கையில் கொடுத்தாலே மனம் பதறுகிறது. நாம் கஞ்சர்களாகிவிட்டதால் வரும் பதற்றம் இல்லை அது. அந்தக் கருவியைத் தனி ஒருவரோடு பிணைத்தே செய்திருக்கிறார்கள். பழைய கேமரா தன்னை யாரோடும் பிணைத்துக்கொள்வதில்லை. அதன் கைப்பிடியில் தேய்ந்த கறுப்புப் பூச்சுக்கு அடியில் பித்தளை தெரியும். முன்பு பிடித்தவர்களின் விரல் பதிந்த இடம் அது. அவர்கள் விட்டுச்சென்ற தடயம் அவ்வளவுதான். ஒரு கருவி எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டுமென்றால் அது மறக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சில சமயம் அது மறப்பதில்லை. வாங்கிய கேமராவுக்குள் யாரோ பாதியில் விட்ட ரோல் இருக்கும். ஃபிலிமில் விழுந்த ஒளி, கழுவப்படும்வரை கண்ணுக்குத் தெரியாத பிம்பமாகப் பல்லாண்டு காத்திருக்கக் கூடியது. மங்கினாலும் முற்றாக அழிவதில்லை. அந்த ரோல் கோடாக்ரோம் என்றால் வண்ணத்தில் அதைக் காண இப்போது வழியில்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த கடைசி கோடாக்ரோம் கழுவுமிடம் 2010ஆம் ஆண்டின் இறுதியில் அந்த வேலையை நிறுத்திவிட்டது. கறுப்பு வெள்ளையாக வேண்டுமானால் கழுவிப் பார்க்கலாம். எப்படிக் கழுவினாலும், வெளியே வரும் முகங்கள் நம் சொத்தல்ல. கேமரா யாரிடமிருந்து வந்ததோ அவரைத் தேடிப் பிடித்து அந்தப் படங்களைச் சேர்ப்பிக்கும் நண்பர்களை அறிவேன். கேமராவுக்குக் கொடுத்த விலையில் அந்த நினைவுகள் அடங்காது என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். கொடுக்கல் வாங்கலில் எது சேரும், எது சேராது என்று அறிந்திருப்பதே இந்த உலகின் ஒழுக்கம்.

ரோலையே மாற்றிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. ஒருவர் ஒரு ரோல் முழுக்க எடுத்து, ஃபிலிமின் நாக்கு குப்பிக்குள் போய்விடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றி எடுத்து, வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் இன்னொருவருக்கு அனுப்புவார். அவர் அதே ரோலைத் தன் கேமராவில் போட்டு மறுபடியும் எடுப்பார். முதல் படம் எங்கே தொடங்கியது என்று ஃபிலிமில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் இருவரின் சட்டங்களும் ஓரளவு பொருந்தும். கழுவிப் பார்த்தால் ஒருவர் கண்ட கடற்கரைமேல் மற்றவர் கண்ட ரயில் நிலையம் விழுந்திருக்கும். இருண்ட இடத்தில்தான் இரண்டாவது பிம்பம் தெளிவாகப் பதியும் என்பது இதன் இயற்பியல். முதலில் எடுப்பவர் வெளுத்த வானத்தால் சட்டத்தை நிரப்பினால் அடுத்தவருக்கு அங்கே இடமில்லை. எனவே முதலாமவர் நிழலை விட்டுவைக்கப் பழகுகிறார். இன்னும் பார்த்திராத ஒருவருக்காகத் தன் படத்தில் இடம் ஒதுக்குவது ஒரு கலைஞனுக்கு எளிதில் வருவதல்ல. அந்தப் பயிற்சியை எந்தக் கலைப்பள்ளியும் இவ்வளவு துல்லியமாகக் கொடுக்குமா என்பது சந்தேகமே.

சமீப வருடங்களில் பழைய கேமராக்களின் விலை ஏறியிருக்கிறது. ஒரு காலத்தில் எடைக்குப் போனவை ஏலத்துக்குப் போகின்றன. சேகரிப்பாளர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் காப்பாற்றியிராவிட்டால் பல மாதிரிகளை நாம் பார்த்திருக்கவே முடியாது. குருகிராமில் புகைப்படக் கலைஞர் ஆதித்ய ஆர்யா உருவாக்கிய மியூசியோ கேமரா போன்ற அருங்காட்சியகங்கள் ஒரு தொழில்நுட்பத்தின் முழு வரலாற்றையும் ஒரே கூரையின்கீழ் காட்டுகின்றன. அவை வேண்டும். ஆனால் கண்ணாடிப் பெட்டி காப்பது உருவத்தை. அசைவைக் காக்க ஒரு கை வேண்டும். விலை ஏற ஏற மனிதர்கள் கேமராவை வெளியே எடுக்கத் தயங்குகிறார்கள். எடுக்கத் தயங்கும் அளவுக்கு மதிப்பு ஏறிய கேமரா கேமராவாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. பண்டமாற்றில் அந்த அபாயம் குறைவு. உங்கள் ஜெனிட்டும் என் கிளிக் த்ரீயும் சந்தையில் சமமா என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. உங்களுக்கு எது தேவை, எனக்கு எது தேவை என்று பார்க்கிறோம்.

இன்னொரு கவலை, பழுதுபார்ப்பவர்கள் குறைந்துவருகிறார்கள். உதிரிபாகம் எங்கும் உற்பத்தியாவதில்லை. செத்த கேமரா ஒன்றின் சக்கரம் இன்னொன்றின் வயிற்றில் போய் ஓடுகிறது. பழுதும் ஒரு கைமாற்றம்தான், அதிலிருந்து புதிய திறமை பிறக்கலாம் என்பதற்கு ஆலப்புழை சாட்சி. இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையோடு வளர்ந்த கே. கருணாகரன் 1940களில் அங்கே வாகீஸ்வரி என்ற கேமராவைச் செய்யத் தொடங்கினார். தேக்கு மரம், பித்தளை, தோல் பெல்லோஸ் கொண்ட அந்தக் கேமராக்கள் நாடெங்கும் ஸ்டூடியோக்களில் நின்றன. காற்றுத் துருத்தியை அறிந்த கைகளுக்குக் கேமராத் துருத்தி வசப்பட்டது. எதிர்முனையில் அண்மைச் செய்தி ஒன்றும் இருக்கிறது. பென்டக்ஸ் நிறுவனம் 2024இல் பென்டக்ஸ் 17 என்ற புதிய ஃபிலிம் கேமராவை வெளியிட்டது. கையால் ஃபிலிமை நகர்த்தும் அமைப்பை மறுபடி உருவாக்க, இளம் பொறியாளர்கள் முந்தைய தலைமுறைப் பொறியாளர்களிடம் கேட்டுக் கற்க வேண்டியிருந்தது. வரைபடம் இருந்தும் போதவில்லை. செய்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொண்டார்கள் என்பதால்தான் அது நடந்தது. நம் ஊரின் எல்லிஸ் சாலையிலோ மதுரையிலோ கோவையிலோ கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு குனிந்திருக்கும் பெரியவர்களிடம் கேட்க வேண்டியதை நாமும் இப்போதே கேட்டாக வேண்டும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு கேமரா இருக்கலாம். பின்கதவைத் திறக்கும் முன், ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கமாக மெல்லத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. திறக்காமல், அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். இறுக்கம் இல்லையென்றால் திறந்து, துடைத்து, ஷட்டரை அழுத்திப் பாருங்கள். ஓடாவிட்டால் பழுதுபார்க்கக் கொடுங்கள். ஓடினால் ஒரு ரோல் எடுங்கள். பிறகு, கேமரா வேண்டும் என்று ஆசைப்பட்டும் வாங்க வசதியில்லாத ஓர் இளைஞர் உங்கள் தெருவிலோ உங்கள் பிள்ளையின் கல்லூரியிலோ இருப்பார். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி அவரிடம் கொடுங்கள். தாத்தாவின் பொருளைக் கொடுத்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம். அவர் அதை வாங்கியது படம் எடுக்கத்தான். அந்த வேலையை அது தொடர்ந்து செய்ய வழிசெய்வதைவிட அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை வேறில்லை.